இரையும் தீனியும்

இரை என்னும் சொல்லும் தீனி என்னும் சொல்லும் பேச்சுவழக்கிற் பல வேளை ஒன்றுக்கொன்று மாறி வழங்குவனவே. கோழிக்கு இரை போடுதல் என்பாரும் உளர். தீனி போடுதல் என்பாரும் உளர். ஆயினும் கூர்ந்து நோக்குமிடத்து இரண்டுக்குமிடையே ஒரு வேறுபாடு புலப்படும். பதுங்கியும் துரத்தியும் விலங்கு தானே தேடிப் பெறுவது இரை. பிறர் கொணர்ந்து இடுவது தீனி. இரையாகக்கூடிய உயிருக்குத் தப்பியோட ஒரு வழியேனும் உண்டு. தீனிக்கு அஃதில்லை. பாம்பு வளர்ப்போரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் விவாதமொன்றை விளங்கிக்கொள்ள இவ்வேறுபாடு பெரிதும் துணைசெய்யும். அடைத்துவைத்த பாம்புக்கு எலியை உயிருடன் இடுவதா, கொன்று உறையவைத்துப் பின்னர் இளக்கி இடுவதா என்பதே அவ்விவாதம்.

பிரித்தானியா, அமெரிக்கா முதலிய நாடுகளிற் கண்ணாடிப்பெட்டியிற் பாம்பு வளர்ப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. செங்கலடியில் வாழ்பவருக்கு இது வேடிக்கையாகவே தோன்றக்கூடும். பதுளை வீதி திருகோணமலை வீதியைச் சந்திக்கும் அவ்வூரிலிருந்து மேற்கே சிறிது தூரம் சென்றால் வயல்வெளி. பெரும்போக நெல் குடலைப் பருவமடையும் வேளையில் எலிகள் வரம்பிலே வளை தோண்டி, இரவோடிரவாக நெற்றண்டுகளைக் கடித்து வீழ்த்தும். அவ்வளைகளுக்குள்ளேயே சாரையும் நாகமும் நுழையும். இயந்திர அறுவடை வருமுன்னர், களவெட்டியில் அடுக்கிய சூட்டின் அடியிலும் இதே நாடகம் நடைபெற்றது. அங்கே பாம்புக்கு உணவூட்டுவார் எவருமிலர். நாகதம்பிரான் கோயில்களிற் பாலும் முட்டையும் வைப்பதுண்டு. எனினும் பால் பாம்பின் உணவன்று. அது வைப்பவரின் உள்ளத்தையே நிறைவிக்கின்றது.

உயிருள்ள எலியையே இடவேண்டும் என்பார் பெரிதும் இயற்கையைத் துணைக்கழைப்பர். பாம்பு உயிருள்ளதைக் கொன்று தின்னப் பிறந்தது; அதன் வேட்டையுணர்வை மழுங்கச் செய்தல் கொடுமை என்பது அவர் கூற்று. இக்கூற்றிலே பாதி உண்மை உண்டு. செங்கலடி வயலிற் சாரை துரத்தும் எலியின் வளைக்குப் பெரும்பாலும் மறுவாய் ஒன்றிருக்கும். எலி அவ்வழியாக வெளியேறிவிட்டாற் பாம்பு பட்டினி. கண்ணாடிப்பெட்டிக்கு மறுவாய் ஏது? வயலிலிருந்து கொல்லும் பகுதி மட்டும் பெட்டிக்குள் கொண்டுவரப்பட்டுள்ளது. தப்பும் பகுதி வெளியே விடப்பட்டுள்ளது. கதவைத் திறந்து எலியை உள்ளே விட்ட கையும், அதனை உடனே மூடிய கையும் மனிதனுடையவை. அதன்பின் நிகழ்வதற்கு இயற்கையைப் பொறுப்பாளியாக்குதல் நேர்மையன்று.

பெட்டிக்குள் இடர் எலிக்கு மட்டுமே உரியது என்று எண்ணுதலும் தவறு. தோலுரிக்கும் காலத்திலும் உடல் குளிர்ந்திருக்கும்போதும் பாம்பு பெரும்பாலும் உணவை நாடாது. அந்நிலையில் எலியை உள்ளே விட்டு ஒருவர் உறங்கப் போய்விட்டால், பசியெடுத்த எலி பாம்பையே கறிக்கத் தொடங்கும். எலியின் வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்பவை. கறித்தல் அதற்கு இயல்பு. முதுகுத்தசை தின்னப்பட்டு முள்ளந்தண்டு வெளித்தெரியும் நிலையிற் பாம்புகள் விலங்கு வைத்தியரிடம் கொண்டுவரப்படுவதுண்டு. வயலிலாயின் இரை வேண்டாத பாம்பு விலகிப் போயிருக்கும். அதற்கும் பெட்டியில் மறுவாய் இல்லை.

சாவின் விரைவைக் காட்டி வாதிடுவோரும் உளர். வெங்கிணாந்தி போன்றவை இரையைச் சுற்றி நெரிப்பது மூச்சை அடைத்தற்கே என்று நெடுங்காலம் கருதப்பட்டது. போவா இனப் பாம்பு நெரிக்கத் தொடங்கிய சில விநாடிகளிலேயே எலியின் இரத்தவோட்டம் தடைப்படுகின்றது என்பதை 2015 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆகவே சாவு முன்னர் எண்ணியதினும் விரைவாகவே வருகின்றது. இதனை மறுப்பதற்கில்லை. ஆயின் எல்லாப் பாம்பும் நெரிப்பதில்லை. சாரைக்கு நஞ்சுமில்லை, நெரிக்கும் வழக்கமுமில்லை. இரையை உடலால் அழுத்திப் பிடித்து விழுங்கும். அவ்வெலியின் கடைசி நிமிடங்களை விநாடிக் கணக்கில் அடக்கிவிட இயலாது.

இனி உறையவைத்த எலி. பெரும்பாலும் காபனீரொட்சைட்டு வாயுவினாற் கொல்லப்பட்ட எலிகள், சுழியத்துக்குக் கீழ் 18 பாகை சதம அளவிலே பேணப்படுகின்றன. வேண்டியபோது குளிர்சாதனப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து மெல்ல இளக்கி, பின்னர் வெந்நீரில் அமிழ்த்தி, உயிருள்ள எலியின் உடல்வெப்பமாகிய ஏறத்தாழ 38 பாகைக்குக் கொணர்வர். இவ்வெப்பம் வெறும் உபசாரமன்று. மலைப்பாம்புகளின் உதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணர்வன. குளிர்ந்த எலி அவற்றுக்கு எலியாகவே தோன்றாமற் போகலாம். நீண்ட சாவணத்தாற் பிடித்துச் சற்றே அசைத்துக் காட்டினால் பெரும்பாலான பாம்புகள் பற்றிக்கொள்ளும். அப்போது ஆராயத்தக்க செய்தியொன்று வெளிப்படுகின்றது: இறந்த எலியையும் அவை சுற்றி நெரிக்கின்றன. வேட்டையுணர்வு மழுங்கிவிடும் என்ற அச்சத்துக்கு அப்பாம்புகளே விடையளிக்கின்றன.

ஆயினும் உறைந்த எலியைத் தூய்மையான தீர்வாகக் கொண்டாடுதல் பொருந்தாது. உறைதல் ஒட்டுண்ணிகள் பலவற்றைக் கொல்லுமேயன்றிப் பற்றீரியாக்களைக் கொல்லும் என்பதற்கில்லை. 2010 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே உறைந்த தீனி எலிகளின் வழியாகச் சல்மொனெல்லா நோய் மனிதருக்குப் பரவியது. விற்ற எலிகளை மீளப் பெறவேண்டியதாயிற்று. காபனீரொட்சைட்டுச் சாவும் முற்றிலும் நோவற்றதா என்பதிற் கருத்தொற்றுமை இல்லை. கொலை பெட்டியிலிருந்து தொழிற்கூடத்துக்கு இடம்பெயர்ந்துள்ளது என்று கூறுவாரின் கூற்றும் தள்ளத்தக்கதன்று. எனினும் ஒரு வேறுபாடு எஞ்சுகின்றது. இங்கே கொன்றவர் மனிதர் என்பது மறைக்கப்படவில்லை. பெயர் தீனி, கொடுப்பதும் தீனி.

இவையெல்லாம் பிறநாட்டார் கவலை எனக் கிழக்கிலங்கையார் ஒதுக்கிவிட முடியுமா? இலங்கையிற் காட்டுப் பாம்பைப் பிடித்து வீட்டில் வளர்ப்பதற்குச் சட்டம் பொதுவாக இடந்தருவதில்லை. ஆயின் அடைபட்ட பாம்பு இப்பகுதிக்குப் புதியதன்று. அம்பாறை மாவட்டத்து அளிக்கம்பையிற் குடியமர்ந்த தெலுங்கு பேசும் மக்களின் முன்னோர், கூடையில் நாகத்தைச் சுமந்து ஊரூராகச் சென்றவர்கள். கூடைக்குள் இருந்த நாகமும் இரை தேடியதில்லை, தீனிக்குக் காத்திருந்தது.

இன்னும் நெருக்கமான தொடர்பு நஞ்சுமுறி மருந்தின் வழியாக வருகின்றது. வயலிலே புடையன் தீண்டிய ஒருவருக்கு மட்டக்களப்பு வைத்தியசாலையில் ஏற்றப்படுவது இந்தியாவில் ஆக்கப்பட்ட மருந்து. அம்மருந்துக்கான நஞ்சிற் பெரும்பகுதியை 1978 இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியிலிருந்து வழங்கிவந்துள்ளது. தோல் வாணிகம் தடைப்பட்டு வாழ்விழந்த இருளர், பாம்பைக் கொல்லாமற் பிழைக்கக் கண்ட வழி அது. பிடித்த பாம்பை மட்பானையில் வைத்து, சில வாரங்களிற் சில முறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு விடுவித்துவிடுவர். பாம்பு பல வாரம் உணவின்றி இருக்கவல்லது; ஆதலின் எலியை யார் கொல்வது என்ற வினா அங்கே கூர்மையிழந்துவிடுகின்றது. விடுபட்டது மீண்டும் இரை தேடப் போய்விடும். இவ்வளவு எளிய ஏற்பாடு பிற நாடுகளிலும் பரவாதது வியப்பே.

ஆயின் இந்தியப் பாம்பின் நஞ்சும் இலங்கைப் பாம்பின் நஞ்சும் முற்றிலும் ஒன்றல்ல. இலங்கைப் பாம்புகளின் நஞ்சைக்கொண்டு கோஸ்தா ரிக்காவில் ஆக்கப்பட்ட மருந்து பற்றிய ஆய்வு 2016 இல் வெளியாயிற்று. பேராதனைப் பல்கலைக்கழகமும் அம்முயற்சியிற் பங்குகொண்டது. இத்தகைய மருந்து இங்கேயே தொடர்ந்து கிடைக்கவேண்டுமாயின், புடையனையும் நாகத்தையும் ஆண்டுக்கணக்கில் அடைத்துப் பேண நேரலாம். இருளரின் குறுகிய சிறை அப்போது போதாது. வந்தாறுமூலையிலோ பேராதனையிலோ அத்தகைய பாம்பகம் அமையும் நாளில், அதனைப் பொறுப்பேற்பவருக்கு முதல்வேலை எலியைப் பற்றியதாகவே இருக்கும். உறையவைக்கும் பெட்டி ஒன்று, வெந்நீர், நீண்ட சாவணம் ஆகியவை பெரும் செலவல்ல. மின்தடை நேர்ந்தால் என் செய்வது என்பதை முன்கூட்டியே எண்ணுதல் வேண்டும். ஒருமுறை இளகிய எலியை மீண்டும் உறையவைத்தலாகாது. உறைந்ததைத் தொடாத பாம்பு ஒன்றிரண்டு இருந்தே தீரும். அதற்கு உயிருள்ள எலியை இடுவதன்றி வேறு வழியில்லையெனக் கண்டால், எலி உள்ளே இருக்கும்வரை ஒருவர் பெட்டியருகே அமர்ந்திருத்தல் வேண்டும். பாம்பு தொடாவிடின் அதனை வெளியே எடுத்துவிடவும் வேண்டும்.