மருமகனுக்கு விற்றால் தரகு உண்டா?

லண்டனிலிருந்து ஊர்ச் சொந்தங்களுக்கு,

சுசீந்திரத்தில் மார்கழித் தேர் நிலைக்கு வந்ததும், வெளியூர்ப் பிள்ளைகள் நாங்கள் கூடிப் பேசுவது ஒரே விஷயம்தான்: பூட்டிக் கிடக்கும் வீட்டை என்ன செய்வது? எங்கள் குடும்பத்தில் இந்த ஆண்டு அதற்கு விடை கிடைத்துவிட்டது. தெப்பக்குளத்துக்கு அருகே அம்மா வாழ்ந்த வீட்டை என் அக்காள் மகன் எடுத்துக்கொள்கிறான். நாகர்கோவிலில் வேலை, வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள். வீடு வேற்றாள் கைக்குப் போகவில்லை என்பதில் எல்லாருக்கும் நிம்மதி.

பேச்சு முடிந்த வாரமே ஊர்த் தரகர் ஒருவர் போனில் கூப்பிட்டார். “அண்ணாச்சி, நம்ம கமிஷன் உண்டும்லா?” முன்பு அவர் சிலரைக் கூட்டிவந்து வீட்டைக் காட்டியது உண்மை. அவர் கேட்டதில் தவறில்லை. அதற்கு நேரான பதில் சொல்ல வேண்டும் என்பதால்தான் இந்த மடல்.

எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது நம் நாட்டுச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, தனியாக வேறு பேச்சு இல்லையென்றால், ஒப்படைத்த வேலை முடிந்த பிறகே முகவருக்குக் கூலி. வாங்குபவரை விற்பவரிடம் கொண்டு சேர்ப்பது தரகரின் வேலை. என் மருமகனை எனக்கு யாரும் அறிமுகம் செய்து வைக்கவில்லை. அவன் அந்த வீட்டுத் திண்ணையில் வளர்ந்தவன். ஆகவே இந்த விற்பனைக்குச் சதவீதக் கணக்கில் தரகு கிடையாது. 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் முகவர்களைப் பதிவு செய்யச் சொல்கிறது. ஆனால் அது புதிய மனைப்பிரிவுகளுக்கும் அடுக்ககங்களுக்குமான ஏற்பாடு. பழைய வீடு கைமாறும்போது நமக்கும் தரகருக்கும் இடையே இருப்பது வாய்ப்பேச்சு மட்டும்தான்.

இங்கிலாந்தில் கதை வேறு. எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம் தங்கள் வீட்டை விற்க ஒரு முகவரிடம் கையெழுத்துப் போட்டது. பின்பு கணவரின் தம்பியே வீட்டை நாலு லட்சம் பவுனுக்கு எடுத்துக்கொண்டார். ஆனாலும் ஒன்றரை சதவீதக் கமிஷன், அதன்மேல் இருபது சதவீத வரி, ஆக 7,200 பவுன் கட்ட வேண்டி வந்தது. காரணம், அவர்கள் கையெழுத்திட்டது ‘சோல் செல்லிங் ரைட்ஸ்’ என்ற வகை ஒப்பந்தம். அந்தக் காலக்கெடுவுக்குள் யார் ஆளைக் கண்டுபிடித்தாலும், வீட்டுக்காரரே கண்டுபிடித்தாலும், முகவருக்குப் பணம் உண்டு. ‘சோல் ஏஜென்சி’ என்ற இன்னொரு வகையில், நாமே தேடிக்கொண்ட ஆளுக்கு விற்றால் கமிஷன் இல்லை. பெயரில் சிறு வித்தியாசம்தான். பணத்தில் ஏழாயிரம் பவுன். இவற்றின் பொருளை எழுத்தில் விளக்கியாக வேண்டும் என்று 1991-இலிருந்தே இங்கு விதி இருக்கிறது. விளக்கம் அச்சில் இருந்தது, அவர்கள் படிக்கவில்லை.

ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் செல்லும் என்பதை இந்நாட்டின் அன்றைய உச்ச மன்றம் 1940-களிலேயே சொல்லிவிட்டது. ஈஸ்ட்போர்னில் சினிமாக் கொட்டகை விற்பனைக்கு ஆள் கொண்டுவந்த முகவர் ஒருவர், உரிமையாளர்கள் விற்காமல் விட்டதும் 10,000 பவுன் கேட்டு வழக்குப் போட்டார். விற்பனை முடிந்தால்தான் கமிஷன் என்பது பேச்சு; விற்பனை முடியவில்லை; ஆகவே பணமில்லை என்று தீர்ப்பானது. உங்களில் யாராவது இங்கே வீட்டை முகவரிடம் கொடுப்பதாக இருந்தால், வாங்கக்கூடிய சொந்தக்காரர்களின் பெயர்களை முதலிலேயே சொல்லி, ‘இவர்கள் வாங்கினால் கமிஷன் இல்லை’ என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஊரிலும் அதே யோசனைதான். தரகரிடம் சாவியைக் கொடுக்கும் அன்றே, “குடும்பத்துக்குள் முடிந்தால் தரகு இல்லை, அலைச்சலுக்குக் கூலி உண்டு” என்று சொல்லிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் வராது.

ஆனால் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் வேறு. குடும்பத்துக்குள் விற்கும்போது தரகு மிச்சமாகலாம். தரகர் பார்க்கும் வேலை மிச்சமாகாது. ஆளைத் தேடுவது அதில் ஒரு பங்குதான். விலையை வாய்விட்டுச் சொல்வது, பத்திரங்களைச் சரிபார்ப்பது என்று இன்னும் இரண்டு இருக்கின்றன. சொந்தத்துக்குள் அந்த இரண்டும்தான் விட்டுப்போகின்றன. “மாமா பார்த்துச் செய்யட்டும்” என்று மருமகன் இருப்பான், “பிள்ளையிடம் போய் விலை பேசுவதா?” என்று மாமன் இருப்பான். பத்து வருஷம் கழித்து, ‘மாமன் கூடுதலாக வாங்கிவிட்டான்’, ‘மருமகன் அடிமாட்டு விலைக்கு எடுத்துவிட்டான்’ என்ற பேச்சு கல்யாண வீட்டில் வெடிக்கும். அதனால் குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு பொறியாளரை வைத்து மதிப்புப் போட்டோம். விலை நாற்பது லட்சம் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லி முடித்தோம்.

அடுத்தது பத்திரம். நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் ஒரு காலத்தில் சொத்து சகோதரி மகனுக்குத்தான் போனது. அந்த மருமக்கள்வழி முறையில் மனைவி மக்கள் பட்ட பாட்டைப் பக்கத்துத் தேரூரில் பிறந்த கவிமணி நூலாகவே பாடினார். 1926-இல் திருவிதாங்கூர் அரசு சட்டம் போட்டு அதை மாற்றியது. இன்று நிலைமை நேர்மாறு. குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் செட்டில்மெண்ட் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் ஒரு சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். அந்தக் குடும்பப் பட்டியலில் மகனும் மகளும் உண்டு, சகோதரனும் சகோதரியும் உண்டு. சகோதரி மகன் இல்லை. அவனுக்கு நான் கொடுப்பது விற்பனைதான்: ஏழு சதவீதத் தீர்வை, இரண்டு சதவீதப் பதிவுக் கட்டணம்.

அம்மாவின் வீட்டில் அக்காளுக்கும் எனக்கும் சரிபாதி. அக்காள் தன் பாதியை மகனுக்கு இனாமாகவே கொடுக்கிறாள். அதற்குச் செட்டில்மெண்ட் எழுதுகிறோம். செலவு 30,000 ரூபாய். என் பாதிக்குக் கிரயம். இருபது லட்சத்துக்கு ஒன்பது சதவீதம், 1,80,000 ரூபாய். முழு வீட்டையும் கிரயமாக எழுதியிருந்தால் 3,60,000 ஆகியிருக்கும். “உங்க பாதியையும் அக்கா பேருக்கு இனாமா எழுதி, பணத்தைத் தனியா வாங்கிக்கிடுங்க” என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு இனாம் என்று எழுதுவது பொய்ப் பத்திரம். கொதிக்கும் நெய்யில் கையை முக்கி உண்மையைச் சோதித்த கோயில் இருக்கும் ஊர் நம்முடையது. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் அந்தக் கொடுமை நின்றது நல்லது. உண்மை வேண்டும் என்பது நிற்கவில்லை.

வெளிநாட்டுக்காரர் விற்கும்போது இன்னொன்றும் உண்டு. வாங்குபவர் வருமான வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டியாக வேண்டும். ஐம்பது லட்சத்துக்குக் கீழே என்றால் வேண்டாம் என்ற சலுகை, விற்பவர் இந்தியாவில் குடியிருந்தால் மட்டும்தான். இது தெரியாமல் முழுப் பணத்தையும் மாமனிடம் கொடுத்தால் நோட்டீஸ் மருமகன் பெயருக்கு வரும். அதிகாரப் பத்திரத்தை இங்கே இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பினாலும், இந்தியாவில் கிடைத்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஒரு வக்கீலும் ஆடிட்டரும் வேண்டும்.

தரகருக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். பட்டா மாற்றத்துக்கும் வாரிசுச் சான்றுக்கும் வில்லங்கம் எடுப்பதற்கும் ஊரில் அலைய ஆள் வேண்டியிருந்தது. அந்தப் பொறுப்பை அவரிடமே கொடுத்து, கூலியை முன்கூட்டியே பேசி, பேசியபடி கொடுத்தோம். இரண்டு சதவீதம் தரகு என்றால் முழு விலைக்கு 80,000 ரூபாய் ஆகியிருக்கும், அவ்வளவு கொடுக்கவில்லை. ஆனால் முன்பு வீடு காட்டிய அலைச்சலுக்கும் சேர்த்தே கொடுத்தோம். அவருக்கும் வருத்தமில்லை.

பூட்டிய வீட்டைச் சொந்தத்துக்கே கொடுக்க நினைப்பவர்கள் தாராளமாகக் கொடுங்கள். மிச்சமாகும் தரகில் ஒரு பகுதியை வக்கீலுக்கும் மதிப்பீட்டுக்கும் எடுத்துவையுங்கள். விலையை எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள். நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள். வீடு கைமாறிய பிறகும் அடுத்த தேருக்கு அதே வாசலில் போய் இறங்கும் உரிமை நமக்கு வேண்டுமே!

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்