ஒப்பந்தப்புள்ளியும் மனச்சான்றும்



ஜவ்வாது மலையில் காவலூர் என்னும் ஊரில் வானாய்வு நிலையம் ஒன்று உண்டு. 1986-ஆம் ஆண்டு நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே நிற்கிறது. எட்டாத் தொலைவிலுள்ள விண்மீன்களை அதன் வழியே ஆராய்கிறார்கள். அதே மலையில் வாழும் நம் மக்களுக்கோ, அடிவாரத்து அலுவலகச் சுவரில் ஒட்டப்படும் டெண்டர் அறிவிப்புக் கண்ணுக்குப் படுவதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாமும் பல்லாண்டுகள் அதைக் காணாதவராகவே இருந்தோம்.

நம் கண்ணைத் திறந்தவர் நம் பங்கைச் சேர்ந்த தச்சர் ஒருவர். மலையாளிப் பழங்குடிக் குடும்பத்தவர். தம்பியர் இருவருடன் சாலையோரம் சிறு பட்டறை வைத்து, இரும்புக் கால் பொருத்திய பெஞ்சுகள் செய்து வருகிறார். ஒரு மாலை, செபமாலை முடிந்ததும் அறைவீட்டுக்கு வந்தார்.

"சாமி, உண்டி உறைவிடப் பள்ளிக்கு பெஞ்சு வாங்கப் போகிறார்களாம். கீழிருந்து லாரியில் ஏற்றி வருவார்கள். அந்தப் பள்ளியில்தான் நான் தரையில் உட்கார்ந்து படித்தேன். நான் செய்து கொடுத்தால் ஆகாதா?"

அவர் நம்மிடம் கேட்டது ஒரு சிபாரிசுக் கடிதம். பங்கு முத்திரையிட்டு, அவரது நேர்மையையும் உழைப்பையும் புகழ்ந்து பெருமிதத்தோடு எழுதிக் கொடுத்தோம். உறை திறக்கப்பட்ட நாளிலேயே அது தள்ளுபடியாயிற்று. முன்வைப்புத் தொகைக்கான வரைவோலை இணைக்கப்படவில்லை. சிறுதொழிலுக்குரிய விலக்கைக் கோரும் பதிவுச் சான்றும் இல்லை. நமது கடிதத்தை எவரும் படித்ததாகத் தெரியவில்லை. அறிவிப்பின் நிபந்தனைகளை ஒருமுறையேனும் நாம் படித்திருந்தால் அம்மனிதர் அலைந்திருக்க வேண்டியதில்லை. அன்று நாம் வெட்கமுற்றோம்; மறுநாளே படிக்கத் தொடங்கினோம்.

படித்ததில் தெரிந்துகொண்டவை சில. ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவு கூடாதென்பதற்காகத் தமிழ்நாட்டில் 1998-லேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. நடுவண் அரசு 2012-இல் பிறப்பித்துப் பின்னர் திருத்திய ஆணைப்படி, அதன் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுதோறும் வாங்குவதில் நூற்றுக்கு 25 பங்கு குறு, சிறு தொழில்களிடமிருந்து வாங்க வேண்டும். அதனுள் 4 பங்கு பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும், 3 பங்கு பெண்களுக்கும் உரியது. இத்தொழில்களுக்கு அங்கே முன்வைப்புத் தொகை கிடையாது. டெண்டர் படிவங்களும் இலவசம். 2016 முதல் 'ஜெம்' என்னும் அரசு மின் சந்தையும் இயங்குகிறது. இவற்றுக்கெல்லாம் முதற்படி 2020 ஜூலையில் வந்த 'உத்யம்' பதிவு. ஆதார் எண் கொண்டு இணையதளத்தில் செய்யலாம். கட்டணம் ஒரு காசும் இல்லை. அதற்கும் பணம் கேட்போர் உளர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

அடுத்தது விலைக் கணக்கு. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று நம் ஆண்டவர் சொன்னதை லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நாம் எத்தனை முறை அதைப் பிரசங்கித்திருப்போம்! தச்சரோடு அமர்ந்து கணக்கிட்டபோதுதான் அதன் பொருள் விளங்கிற்று. பலகை, இரும்பு, வெல்டிங் குச்சி, வண்டி வாடகை, வரி எல்லாம் எழுதியிருந்தார். தம்பியர் இருவரின் கூலியை எழுதவேயில்லை. "வீட்டுப் பிள்ளைகள்தானே, சாமி" என்றார். பணம் கைக்கு வரும்வரை வாங்கிய கடனுக்குக் கட்டும் வட்டியையும் விட்டிருந்தார். குறைந்த விலை கேட்டு ஒப்பந்தம் பெற்று, வீட்டைப் பட்டினி போடுவது வெற்றியாகாது. கூலியாளுக்குரிய கூலியை மறுக்கலாகாது என்னும் கற்பனை உடன்பிறந்தார்க்கும் பொருந்தும்.

இரண்டாம் அறிவிப்பு வந்தது. அதற்குமுன் சோதனையும் வந்தது.

சமவெளியிலிருந்து ஒப்பந்தக்காரர் ஒருவர் மலையேறி வந்தார். தச்சர் தமது பெயரில் கூடுதல் விலை எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தால் போதும். போட்டி நடந்ததாகக் கணக்காகிவிடும். அதற்கு ஒரு தொகை தருவதாகச் சொன்னார். தச்சரின் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய மாதம் அது. பிறகு அவரே நம்மிடமும் வந்து, "சாமி, சிற்றாலயத்துக்குத் தரை போட்டுத் தருகிறேன், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார். மறைக்காமல் எழுதுகிறோம்: உடனே மறுத்துவிடவில்லை. மழைக்காலத்தில் ஈரம் ஏறும் அந்தத் தரையையும், அதில் முழந்தாளிடும் மூதாட்டியரையும் எண்ணி ஓர் இரவு தயங்கினோம்.

விடியற்காலைத் திருப்பலிக்குமுன் தச்சர் கதவைத் தட்டினார். "வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், சாமி. என் விலையை நானே போடுகிறேன்" என்றார். நாம் சொல்லவேண்டியதை நமக்கு முன்பே சொல்லிவிட்டார். இவ்வாறு கூடிப் பேசி விலை வைப்பது 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி குற்றம் என்பதைப் பின்னரே அறிந்தோம். சட்டம் அறியாமலே அவர் அறிந்திருந்தார்.

அம்முறையும் ஒப்பந்தம் கிட்டவில்லை. மகளின் கட்டணத்துக்கு மனைவியின் கம்மல் அடகுக்குப் போயிற்று. ஆலயத்தின் தரை இன்றும் சிமெண்டுதான். நல்லதைச் செய்தால் உடனே பலன் கிட்டும் என்று நாம் எழுதினால் அது பொய்யாகும்.

மூன்றாம் முறை, சிறியதொரு வேலையாக இருபது பெஞ்சுகள் செய்யும் ஒப்பந்தம் அவர் பெயருக்கு வந்தது. ஒழுங்காகச் செய்து கொடுத்தார். பணம் வரத் தாமதமாயிற்று. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும்; தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும். இதைக் குறிப்பிட்டுப் பணிவோடு ஒரு மனு எழுத உதவினோம். முத்திரையிட்ட சிபாரிசு அல்ல, தேதியும் பிரிவும் காட்டிய மனு. சில வாரங்களில் பணம் வந்தது. கம்மல் மீண்டது.

அன்புள்ள பங்கு மக்களே, உங்கள் அன்பியத்தில் தையல் வேலை செய்வோர், சாமை குற்றுவோர், பட்டறை வைத்திருப்போர் இருப்பார்கள். படித்த பிள்ளைகளும் இருப்பார்கள். மாதம் ஒருமுறை கூட்டம் முடிந்ததும் அரைமணி நேரம் அமர்ந்து, பதிவுச் சான்று, வரி எண், வங்கிக் கணக்கு ஆகியவற்றைச் சரிபார்த்து, டெண்டர் அறிவிப்புகளைச் சேர்ந்து வாசியுங்கள். கடைசி நாளுக்குக் காத்திராதீர்கள். மலையில் செல்பேசிச் சமிக்ஞை நமக்காகக் காத்திராது. சிறு கைவினைஞரும் அவர்தம் கூட்டுறவுகளும் காக்கப்பட வேண்டும் என்பது 1961-இல் பாப்பரசர் 23-ஆம் அருளப்பர் விடுத்த சுற்றுமடலின் போதனை.

சென்ற வாரம் அப்பள்ளிக்குச் சென்றிருந்தோம். சிறுவன் ஒருவன் பெஞ்சின் ஓரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். "யார் செய்தது தெரியுமா?" என்று கேட்டோம்.

"எங்கள் ஊர் மாமா" என்றான்.