வழக்குக்கு வராத வாதி

பிரித்தானியர் வரிசையில் நிற்பதற்குப் பெயர்போனவர்கள். பஸ் தரிப்பில் இரண்டு பேர் நின்றாலும் அது வரிசைதான். அந்த நல்ல பெயர் பாடசாலை நாட்களில் இரண்டு தடவை கெட்டுப்போகிறது: காலை ஒன்பதுக்குச் சற்று முன்னும், பின்னேரம் மூன்றேகால் அளவிலும், ஆரம்பப் பாடசாலைகள் இருக்கும் குடியிருப்புத் தெருக்களில். ஒரு வீட்டின் கார்ப்பாதையை மறித்தபடி ஒரு கார், தெரு முடக்கில் இன்னொன்று, இரண்டு சில்லுகளை நடைபாதையில் ஏற்றிவிட்டு மூன்றாவது. நாலாவது நடுத்தெருவிலேயே நான்கு மூலை மஞ்சள் விளக்குகளையும் மினுக்கவிட்டு நிற்கும். அந்த மினுக்கலுக்கு ஓர் எழுதாத பொருள் உண்டு: பிழையென்று தெரியும், இரண்டு நிமிடம் பொறுங்கள். சாரதிப் பரீட்சையில் யாரும் சொல்லித்தராத இந்தப் பாடத்தை வந்து குடியேறிய நாமும் கெட்டித்தனமாகவே படித்துக்கொண்டோம்.

அந்த இரண்டு நிமிடம் பொய்யல்ல என்பதுதான் சிக்கல். ஒவ்வொரு பெற்றோரும் உண்மையாகவே இரண்டு மூன்று நிமிடம்தான் நிற்கிறார்கள். ஒருவர் எடுத்த இடத்தில் அடுத்தவர் வந்து நிற்பதால், அந்தத் தெருவில் இருப்பவருக்கு அது அரை மணி நேரம். நிறுத்தியவர் தன் பங்கை மட்டும் கணக்குப் பார்க்கிறார், தெருக்காரர் கூட்டுத்தொகையைப் பார்க்கிறார். இருவர் கணக்கும் சரி. அதனால்தான் வாக்குவாதம் முடிவதில்லை.

இந்த வாக்குவாதத்தில் தெருக்காரரின் வாதத்தில் செல்லாத பகுதியும் உண்டு என்பதைச் சொல்லவேண்டும். 'என் வீட்டுக்கு முன்னால் எப்படி நிறுத்தலாம்' என்பது இங்கே அடிக்கடி கேட்கும் கோபம். சட்டப்படி அது எவருடைய வீட்டு முன்னிடமும் அல்ல, பொதுவீதி. கவுன்சிலின் அனுமதிச்சீட்டு முறை இல்லாத தெருவில், வீட்டுக்காரருக்குத் தன் வாசலில் கார் விடும் தனியுரிமை எதுவும் இல்லை. அவருக்கு இருப்பது தன் கார்ப்பாதையால் வெளியே போய்வரும் உரிமை. கார்ப்பாதைக்காக நடைபாதை விளிம்பைத் தாழ்த்திய இடத்தில் யாராவது மறித்தால், வீட்டுக்காரர் முறையிட்டால் கவுன்சில் தண்டம் எழுதலாம். நெடுஞ்சாலை விதிக்கோவையின் 243ஆம் விதி கார்ப்பாதையை மறிக்காதே என்றும் சொல்கிறது, பாடசாலை வாசலருகிலும் சந்தியிலிருந்து 10 மீற்றருக்குள்ளும் நிறுத்தாதே என்றும் சொல்கிறது. தனக்கு வாய்ப்பான வரியை மட்டும் மனப்பாடம் செய்வது இரண்டு தரப்புக்கும் பழக்கம்.

ஆனால் தெருக்காரரும் பெற்றோரும் அநேகமாக ஒரே வகையானவர்கள்: இருவரும் கார் வைத்திருப்பவர்கள். ஒருவருக்குக் காரை எடுக்க வேண்டும், மற்றவருக்குக் காரை விட வேண்டும். உண்மையில் அநியாயம் இழைக்கப்பட்டவர் இந்த வழக்குக்கே வருவதில்லை. அவர் நடந்து வரும் பிள்ளை. இங்கிலாந்தின் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் இன்றும் நடந்துதான் போகிறார்கள். ஏழு வயதுப் பிள்ளையின் கண்மட்டம் இக்காலத்துப் பெரிய கார்களின் முன்மூடிக்குக் கிட்டத்தட்ட சமம். முடக்கில் அப்படியொரு கார் நின்றால் பிள்ளைக்கு வீதி தெரியாது, வீதியில் வருபவருக்குப் பிள்ளை தெரியாது. 10 மீற்றர் விதிக்குக் காரணம் அதுதான். நடைபாதையில் ஏறி நிற்கும் கார், தள்ளுவண்டியோடு வரும் தாயையும் சக்கர நாற்காலியில் வருபவரையும் வீதிக்கு இறக்கிவிடுகிறது. இலண்டனில் நடைபாதையில் நிறுத்துவது 1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. ஸ்கொட்லாந்தில் 2019இல் சட்டம் வந்து, தண்டம் எழுதும் அதிகாரம் 2023 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தின் ஏனைய பகுதிகளில் அப்படியொரு பொதுத்தடை இல்லை. வழி மறிக்கப்படுவது நடப்பவருக்கு மட்டுமல்ல: தீயணைப்பு வண்டிக்கு 3.7 மீற்றர் அகலம் வேண்டும் என்கிறது கட்டட விதிகளின் வழிகாட்டி. விக்டோரியா காலத்து வரிசைவீடுகளின் தெருவில் இரண்டு பக்கமும் கார் நிற்க, நடுவில் ஒன்று மினுக்கிக்கொண்டு நின்றால் அந்த அகலத்தை எங்கே தேடுவது?

துணையின்றி நடந்து வந்த பிள்ளை எப்படிக் காணாமற்போனது என்பதற்கு ஒரு பழைய ஆய்வு சாட்சி. மேயர் ஹில்மனும் கூட்டாளிகளும் 1990இல் வெளியிட்ட அந்த ஆய்வின்படி, 1971இல் இங்கிலாந்தின் ஏழு எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதமானோர் பெரியவர் துணையின்றிப் பாடசாலைக்குப் போனார்கள். 1990இல் அது 9 சதவீதம். பத்தொன்பது ஆண்டுகளில் பிள்ளைகள் அசடுகளாகிவிடவில்லை. வீதியில் கார் கூடியது, பெற்றோருக்குப் பயம் கூடியது, பயந்தவர்கள் பிள்ளையைக் காரில் ஏற்றினார்கள், அதனால் இன்னும் கார் கூடியது. வாசலில் நெரிசலாக இருக்கிறது, பிள்ளையை எப்படி நடக்கவிடுவது என்று கேட்கும் தாய் பொய் சொல்லவில்லை. அந்த நெரிசலில் தன் காரும் ஒன்று என்பது மட்டும் உள்ளே இருந்து பார்த்தால் தெரியாது.

ஆகவே இதை ஒழுக்கப் பிரச்சினையாகப் பார்த்து, பண்பாக நடந்துகொள்ளுங்கள் என்று அதிபர் வீட்டுக்குக் கடிதம் அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கடிதத்தை வாசித்து வெட்கப்படுபவர் ஏற்கெனவே ஒழுங்காக நிறுத்துபவர். அவர் விலகிய இடத்தில் வாசிக்காதவர் வந்து நிற்பார். பாடசாலை வாசலில் வளைந்து நெளியும் மஞ்சள் கோடுகளில் நின்றால் இலண்டனுக்கு வெளியே தண்டம் பெரும்பாலும் 70 பவுண், 14 நாளுக்குள் கட்டினால் பாதி. ஆனால் தண்டம் எழுதும் அதிகாரி ஒரே காலையில் ஒரு வாசலில்தான் நிற்க முடியும். 2015இல் தரிப்புக் குற்றங்களுக்குக் கமராவால் தண்டம் அனுப்புவதை அரசு பெருமளவு கட்டுப்படுத்தியபோதும் இந்த மஞ்சள் கோட்டுக்கு விலக்கு வைத்தது. ஆனால் கமராவின் கண் அந்தக் கோட்டோடு சரி. அடுத்த தெரு முடக்கை யார் பார்ப்பது?

பலன் தருவது ஒன்றுதான். அந்த அரை மணி நேரத்துக்குத் தெருவையே மூடிவிடுவது. இத்தாலியின் போல்சானோ நகரம் 1989இலேயே தொடங்கிய முறை இது. இலண்டனில் இப்போது 500க்கும் மேற்பட்ட 'பாடசாலைத் தெருக்கள்' இருக்கின்றன. காலையும் பின்னேரமும் குறித்த நேரத்தில் வெளிக்கார் நுழைய முடியாது. அங்கே குடியிருப்பவரும் அவசர வாகனங்களும் உடற்குறைபாட்டுக்கான நீல அட்டை உள்ளவரும் போய்வரலாம். பிரென்ட், என்ஃபீல்ட், லம்பெத் பகுதிகளின் பாடசாலைகளில் அளந்து 2021இல் வெளியிட்ட ஆய்வு, காலை வேளையில் நைதரசன் ஈரொட்சைட்டு 23 சதவீதம் வரை குறைந்ததாகச் சொன்னது. காற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று: இங்கே யாரும் நல்லவராக இருக்கத் தேவையில்லை. பண்பு வேண்டும் என்று கேட்காத ஏற்பாடுதான் நிலைக்கிறது.

எதிர்வாதங்கள் உண்டு. அந்தத் தெருவை மூடினால் கார்கள் அடுத்த தெருவுக்குப் போகும் என்பது முதலாவது. போகின்றன, ஆனால் அத்தனையும் அல்ல, ஒரே இடத்திலும் அல்ல. எடின்பரோ நேப்பியர் பல்கலைக்கழகம் 2020இல் பல நகரங்களின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அநேகமாக எங்கும் இந்த இடமாற்றத்தால் பெரிய பாதுகாப்புச் சிக்கல் எழவில்லை என்றே முடிவுசெய்தது. வாசலிலிருந்து ஐந்து நிமிட நடைக்கு அப்பால் பல தெருக்களில் பரவி நிற்கும் அறுபது காரும், வாசலில் குவிந்து நிற்கும் அறுபது காரும் ஒன்றல்ல.

வேலைக்கு ஓடும் பெற்றோர் என்ன செய்வது என்பது கனமான வாதம், இதைக் கேலி செய்பவர்கள் இரவு வேலை செய்துவிட்டுப் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டவர்களாக இருக்க மாட்டார்கள். எட்டு வயதுக்கு உட்பட்டவருக்கு 2 மைல், அதற்கு மேற்பட்டவருக்கு 3 மைல்: இதற்குள் பாதுகாப்பான நடைவழி இருந்தால் பொதுவாக இலவசப் போக்குவரத்து இல்லை என்று சட்டம் சொல்கிறது. 1944இல் வகுத்த தூரம் அது. இன்னொரு பக்கம், 1988ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டம் விரும்பிய பாடசாலையைத் தேட வாசலைத் திறந்துவிட்டது. நல்ல பாடசாலை என்று மூன்று மைல் தள்ளிச் சேர்த்தால் கார்தான் கதி. நம்மவர்கள் இதில் யாருக்கும் பின்னிற்பதில்லை. ஆனால் மூடப்படுவது கடைசி நூறு மீற்றர் மட்டும். மூன்று மைல் ஓட்டியவருக்கு அந்த நூறு மீற்றர் நடை வேலையைக் கெடுக்காது. அதைக்கூடக் கெடுக்கும் அளவுக்கு வேலைநேரம் இறுக்கமாக இருந்தால், அது முதலாளியோடு தீர்க்கவேண்டிய கணக்கு, தெருவில் நடக்கும் பிள்ளையோடு அல்ல.

நம்மவர் பக்கம் இன்னொரு முடிச்சும் உண்டு. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நடந்தோ சைக்கிளிலோ படித்த தலைமுறை இங்கே பிள்ளையைக் காரில் இறக்குவதை வெறும் வசதியாக மட்டும் பார்ப்பதில்லை, அது வந்துசேர்ந்ததன் அடையாளம். பிள்ளையை மழையில் நடக்கவிட்டார்கள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. இந்தக் கூச்சத்தை எந்தப் பலகையும் தீர்க்காது, இந்த நாட்டு மழையும் தீர்க்காது.

சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளில் இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்கலாம். வாடகைக்கு எடுத்த ஆங்கிலப் பாடசாலைக் கட்டடம், ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் விடும் வகுப்புகள். மஞ்சள் கோட்டின் பலகை பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரை என்றே எழுதியிருக்கும், தெரு மூடலும் அப்படித்தான். சனிக்கிழமை அந்தத் தெருவைக் காக்கச் சட்டம் அதிகம் இல்லை. அயலவர் முறைப்பாடு கட்டடச் சொந்தக்காரருக்குப் போய், வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது திரும்பி வரும். அப்போது சொந்தக்காரர் ஒரு காரைக் குறை சொல்ல மாட்டார், 'தமிழ் ஆட்கள்' என்று சொல்வார். நிர்வாகக் குழுவின் கையில் கவுன்சிலுக்கு இல்லாத ஒன்று இருக்கிறது: நேர அட்டவணை. பாலர் வகுப்பைப் பத்து நிமிடம் முந்தி விடலாம், பெரிய வகுப்புகளைப் பத்து நிமிடம் பிந்தி விடலாம், பக்கத்துக் கடையின் தரிப்பிடத்தைச் சனிக்கிழமைக்குக் கேட்டு வாங்கலாம். சேர்க்கைப் படிவத்தில் தாயின் தொலைபேசி எண்ணுக்கும் தந்தையின் எண்ணுக்கும் கீழே ஒரு வரி மிச்சமிருக்கும்: பிள்ளை எப்படி வரும்?