சென்னையில் எங்கே நடக்கலாம்?



பழைய மாணவர் ஒருவர் நேற்று போனில் கேட்டார்: "சார், லீவுக்குப் பையனை இங்கே எங்கே கூட்டிட்டுப் போகலாம்? ஷாப்பிங் மால் தவிர வேற எதுவும் எனக்கே தெரியல." பையன் பிறந்து வளர்ந்தது சென்னையில்தான். ஆனால் சொந்த ஊர் எது என்று கேட்டால், பொங்கலுக்கு மட்டும் வந்து போகும் அப்பாவின் கிராமத்தைச் சொல்கிறானாம்.

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு பேட்டை போதும். பலதரப்பட்ட மக்கள் அடுத்தடுத்து வாழ்ந்த பழைய இடமாக, நடந்தே பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும்.

திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயில், பாரதியார் வாழ்ந்த வீடு, 1795இல் கட்டிய வாலாஜா பள்ளிவாசல் எல்லாமே நடைதூரம்தான். மயிலாப்பூரில் மாட வீதிகளைச் சுற்றிவிட்டு சாந்தோம் தேவாலயம் வரை போகலாம். பாரிமுனைப் பக்கம் அரண்மனைக்காரன் தெரு இருக்கிறது. அங்கே அரண்மனை கிடையாது. 'ஆர்மேனியன்' என்ற பெயர்தான் நம் மக்கள் வாயில் அப்படி மாறியது. 1772இல் ஆர்மேனியர்கள் கட்டிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. பையனிடம் முதலில் அரண்மனையைத் தேடச் சொல்லுங்கள்!

நடந்து பழகினால்தான் ஊர் சொந்தமாகும். நீங்கள் இருக்கும் ஊரில் எந்தப் பேட்டையில் நடக்கலாம் என்று எழுதுங்கள்.