இடக்கண்

துப்பாக்கியை முதன்முதல் தோளில் சார்த்தியபோது நான் என்னை அருச்சுனனாகவே எண்ணிக்கொண்டேன். எங்களுக்கு ஆசானாக வாய்த்தவர் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர்; பாலக்காட்டுக்காரர். "என்ன தெரிகிறது?" என்று கேட்டார். "கறுப்பு வட்டம் தெள்ளத் தெளிவாகத் தெரிகிறது, சார்" என்றேன் பெருமிதத்துடன். "அப்படியானால் தப்பு, மோனே! வட்டம் மங்கலாகவே இருக்கட்டும். குழல் முனையிலுள்ள வளையம்தான் தெளிவாகத் தெரியவேண்டும்" என்றார். கண் ஒரே சமயத்தில் இரண்டு தூரங்களைக் கூர்ந்து பார்க்காதாம். பறவையின் கண்ணைப் பார்த்த அருச்சுனன் வில்லில் வளையம் இல்லை போலும்!

பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியை அறியாத அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. நின்றபடியே 60 முறை சுடவேண்டும். குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். இலக்கின் நடுவிலுள்ள பத்தாம் எண் புள்ளியின் விட்டமோ அரை மில்லிமீட்டர்தான். 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் முதலிடம் பெற்றதும் இந்தப் புள்ளியின் அருளால்தான்.

அந்த அருள் எனக்குக் கிட்டவில்லை. முதல் இருபது குண்டுகள் ஒழுங்காகச் செல்லும். பிறகு வட்டம் இரண்டாகும். கண்ணில் நீர் கோக்கும். ஐந்திலும் ஆறிலும் போய் விழும். போட்டிக்கு இன்னும் இருபத்துநான்கு நாட்கள். குழுவில் மூவருக்கே இடம். நான் மூன்றாமவன், நான்காமவன் என் அறைத்தோழன்.

ஒருநாள் மாலை ஆசான் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சென்றார். கஞ்சிக்கோட்டில் ஆடிக் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கணவாய் வழியே புகுந்து, உலரப்போட்ட வேட்டியை வாளையாறு வரை கொண்டுபோய்விடும். இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சிறு துளை செய்து, அதன் வழியே தொலைவிலுள்ள காற்றாலை ஒன்றைப் பார்க்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார். இடக்கண்ணை மூடினேன்; காற்றாலை மறைந்துவிட்டது! வலக்கண்ணை மூடினேன், இருந்த இடத்திலேயே இருந்தது. வலக்கைக்காரனாகிய எனக்கு ஆளுகின்ற கண் இடக்கண். அதை இத்தனை நாளும் இறுக மூடிக்கொண்டு, கீழ்ப்படியும் கண்ணால் குறிபார்த்திருக்கிறேன்.

வழி இரண்டு. இடக்கண்ணுக்கு முன்னே மங்கலான தகடு ஒன்றை மாட்டி, வலத்தோளிலேயே சுடலாம். அல்லது எல்லாவற்றையும் இடத்தோளுக்கு மாற்றிக்கொண்டு குழந்தையைப்போல் முதலிலிருந்து தொடங்கலாம். தகட்டை நான்கு நாள் மாட்டிப் பார்த்தேன், தேறவில்லை. என் வலக்கண்ணே சற்று மந்தம். தோளை மாற்றினேன். இருபுறத்தாருக்கும் பொருந்தும் கட்டையுள்ள துப்பாக்கி எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அதுவரை என் அறைத்தோழன் கையில் இருந்தது.

அவன் மறுபேச்சின்றிக் கொடுத்தான். அதுமட்டுமா? இரவில் விடுதி அறையில் குண்டில்லாமல் வெறும் விசையை இழுத்துப் பழகும்போது, குழலின்மேல் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை வைத்து, அது எத்தனை முறை விழுகிறதென்று எண்ணுவான். முதல் இரவு ஐம்பதுக்கு நாற்பத்தொன்று விழுந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. "நீயே போடா, என் இடத்தை எடுத்துக்கொள்" என்றேன். "பிச்சையாகக் கொடுத்தால் வேண்டாம். தோற்றுக் கொடு, வாங்கிக்கொள்கிறேன்" என்றான்.

எதைக் கற்றேன் என்று கேட்டால், துப்பாக்கியைக் கீழே இறக்கக் கற்றேன் என்பேன். மூச்சை அடக்கிப் பத்து விநாடி கடந்துவிட்டால் கை நடுங்கத் தொடங்கும். ஆனால் இவ்வளவு நேரம் காத்துவிட்டோமே என்ற பேராசை விசையை இழுத்துவிடச் சொல்லும். அப்போது சுடாமல் இறக்கவேண்டும். அந்தக் கனத்த சட்டைக்குள் வியர்வை வழிய, ஐந்து கிலோவை இறக்கி மறுபடி தூக்குவது எளிதன்று. நாணயம் பத்து முறைக்குக் குறைவாக விழத் தொடங்கியது இதற்குப் பிறகே.

தேர்வில் நான் 514, அவன் 512.

போட்டியன்று நாற்பத்துமூன்றாம் குண்டுக்கு மூன்று முறை தூக்கி மூன்று முறையும் இறக்கினேன். நான்காம் முறை ஒன்பது. மொத்தம் 521, இடம் பதினொன்று. சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசை நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். ஐந்து ரூபாய் நாணயத்தை முழங்காலின்மேல் நிறுத்த முயன்றுகொண்டிருந்தான்.