சாமி பார்க்க ஒரு படி

திருவண்ணாமலையிலிருந்து வந்து தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டினால் மணலூர்பேட்டை. தை 5-ம் தேதி அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வரும் ஊர். ஆற்றங்கரையில் நண்பர் வீடு கட்டுகிறார். மாடிக்கு இரும்புச் சுழல்படிதான் வேண்டுமாம். ‘‘சினிமா பங்களா மாதிரி ஸ்டைலா இருக்கும், இடமும் மிச்சம்!’’

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். ‘‘கட்டில், பீரோ எப்படி சார் மேல போகும்?’’ 10 அடி உயரத்துக்கு 6 அங்குலத்தில் 20 படி. கால் வைக்க ஓரடி. நேர்ப்படிக்கு 20 அடி நீளம் வேண்டும், இல்லை. நடுவில் 3 அடி மேடை போட்டுத் திருப்பினால் 13 அடியில் முடியும்.

நண்பர் மசியவில்லை. ஓரமாய் உட்கார்ந்திருந்த அம்மாதான் கேட்டார்: ‘‘ஏம்ப்பா, தீர்த்தவாரி அன்னிக்கு மாடியிலேர்ந்து சாமி பார்க்கலாம்னு இருந்தேன். இந்த முட்டி வலியோட சுத்திச் சுத்தியா ஏறுவேன்?’’

மறுநாளே திருப்புப்படிக்கு சென்ட்ரிங் அடித்தாகிவிட்டது. மேடையில் ஒரு ஸ்டூலுக்கும் இடம் உண்டு... அம்மா இளைப்பாற!