திண்ணையும் களஞ்சியமும்

வழிப்போக்கனுக்குத் திண்ணை கட்டி வைத்த பழந்தமிழ் இல்லம், நெற்குதிரின் இருப்பிடத்தை அவனுக்குக் காட்டியதில்லை. அது கருமித்தனம் அன்று. வந்தவன் யாரென அறியாதவரை இல்லத்தார் கொள்ள வேண்டிய காவலுணர்வேயாகும். இணைய உலாவியை ஆக்கியோரும் ஏறத்தாழ இம்முறையையே கைக்கொண்டனர். ஒரு சுட்டலில் வந்து மறு சுட்டலில் மறையும் வலைப்பக்கம் வழிப்போக்கனைப் போன்றது. கணினியில் நிறுவப்படும் செயலியோ, உரிமையாளரே உள்ளே அழைத்துக்கொண்ட உறவினனை ஒத்தது.

1994இல் நெட்ஸ்கேப் நிறுவனம் வலைப்பக்கத்திற்குக் 'குக்கி' எனும் சிறு குறிப்புத்தாளை அளித்தது. அதில் ஏறத்தாழ 4 கிலோபைட் அளவே எழுத இயலும். அடுத்த ஆண்டு வந்த அதன் உலாவி, ஒரு தளத்தின் உடைமையை மற்றொரு தளம் தொடலாகாது என வேலியிட்டது. காலப்போக்கில் வலைப்பக்கத்திலேயே கடிதம் எழுதவும், படம் தீட்டவும், கணக்கு வைக்கவும் மக்கள் பழகினர். திண்ணை போதவில்லை. சேமிப்பகத்தையும் வலைப்பின்னலையும் நேரே கையாளும் உரிமை வேண்டும் என்ற குரல் எழுந்தது.

வலைப்பின்னலில் அவ்வுரிமையை முழுமையாக ஈந்தால் நேர்வது என்ன? அயலூர்ப் பக்கத்தின் நிரல், அதைத் திறந்தவரின் கணினியிலேதான் இயங்குகிறது. வாயிற்காவலன் வெளியிலிருந்து வருவோரைத் தடுப்பானேயன்றி, உள்ளிருப்போரை ஐயுறுவதில்லை. பள்ளி அலுவலகத்தின் அச்சுப்பொறி, மதிப்பெண் தரவுத்தளம், கடவுச்சொல் மாற்றப்படாத திசைவி ஆகிய யாவும் உள்ளிருந்து வரும் குரலை எளிதில் நம்புவன. அந்நம்பிக்கையையே அயலான் களவாடிக்கொள்வான்.

இது வீண் அச்சமன்று. பக்கமும் வழங்கியும் இடையறாது உரையாடுதற்குரிய 'வெப்சாக்கெட்' நெறிமுறை 2010இல் வரைவு நிலையில் இருந்தது. அலுவலகங்களுக்கும் இணையத்திற்கும் இடையே நிற்கும் இடைநிலை வழங்கிகள் சில, அப்புதிய மொழியை அறியா. தீய பக்கம் ஒன்று, பலரும் நாடும் வேறொரு தளத்திற்கான வேண்டுகோள் போலத் தோன்றும்படி தன் செய்தியை அமைத்தால், இடைநிலை வழங்கி ஏமாந்து, தீயோன் தந்த விடையை அத்தளத்தின் விடையாகவே சேமித்து வைக்கும் என ஆய்வாளர் காட்டினர். பிறகு அங்கே அத்தளத்தை நாடுவோர்க்கெல்லாம் நஞ்சே பரிமாறப்படும்! அவ்வாண்டு டிசம்பரில் ஃபயர்ஃபாக்சும் ஓப்பராவும் அவ்வசதியை அடைத்து வைத்தன. 2011 டிசம்பரில் நிறைவுற்ற நெறிமுறை, ஒவ்வொரு செய்தியையும் 32 பிட் திறவுகோல் ஒன்றால் உலாவியே உருமாற்றி அனுப்பவேண்டும் என விதித்தது. மறைப்பதற்காக அன்று, திறவுகோலும் உடன்செல்கிறதே! கம்பியில் எவ்வெழுத்துகள் செல்லும் என்பதைப் பக்கத்தை எழுதியவனே முன்னறியலாகாது என்பதே அதன் நோக்கம். உரிமையும் தந்து, அதன் கூர்முனையையும் மழுக்கிய இவ்வேற்பாடு பாராட்டத்தக்கது.

சேமிப்பகத்தின் கதை வேறு. எஸ்கியூலைட் எனும் தரவுத்தள நிரலைச் சார்ந்த வரைவு ஒன்றை, ஆக்கியோர் அனைவரும் அந்த ஒரே நிரலையே நம்பியிருந்தமையால், தரநிலையாக்காமல் 2010இல் கைவிட்டனர். இன்றோ ஒவ்வொரு தளத்திற்கும் உலாவி தனியறை ஒன்றை ஒதுக்குகிறது. அதனுள் கோப்பின் எந்தப் பைட்டையும் விரைந்து எழுதலாம், படிக்கலாம். 2023 மார்ச்சில் ஃபயர்ஃபாக்சும் இதனை ஏற்றது. அன்று வாயிலில் நின்ற எஸ்கியூலைட், இன்று அவ்வறையில் குடியிருக்கிறது. பயனரின் சொந்தக் கோப்புறைகளுக்கு அங்கிருந்து வழியில்லை. குதிரைக் காட்டாமலேயே விருந்தினனுக்கு ஒரு பெட்டகம் ஈந்த முறை இது.

ஆயினும் அப்பெட்டகத்தை உரிமையாளரும் தம் கோப்புறை வழியே காண இயலாது. மேலும் ஆப்பிளின் சஃபாரி, 2020 முதல், உலாவியைப் பயன்படுத்தும் 7 நாட்களில் ஒருமுறையேனும் தொடப்படாத தளத்தின் சேமிப்பை அழித்துவிடுகிறது. பின்தொடர்ந்து உளவு பார்ப்போரை ஒடுக்கவே இவ்விதி பிறந்தது. முகப்புத் திரையில் நிறுவப்பட்ட செயலிக்கு விலக்கு உண்டு. அதனை அறிந்த மாணவர் எத்தனை பேர்? இணைப்பில்லாத வேளையில் ஒரு தளத்தில் கட்டுரை எழுதிவைத்து விடுமுறைக்குச் சென்றவன், திரும்பி வந்து அதே பக்கத்தைத் திறக்கிறான். வெற்றுத்தாள் அவனை வரவேற்கிறது.